முட்டுக்கல்

இ-பாஸ் விண்ணப்பத்தில் கேட்கிறார்கள்:
கொடைக்கானலில் எங்கே தங்குகிறீர்கள்?
சௌந்தரபாண்டி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
"என்ன போட?" என்றார்.
வண்டி நம்பரையே போடுங்கள் என்றேன்.
அந்தக் கட்டம் அதை ஏற்கவில்லை.
ஏதோ ஒரு லாட்ஜ் பெயரை எழுதிவிட்டு
மலையேறினோம்.

பழைய பள்ளிக்கூட வேன்.
வெள்ளை அடித்த பிறகும்
கதவிடுக்கில் மஞ்சள் எட்டிப் பார்க்கும்.
படுத்தால் முகத்துக்கு நேரே, கூரைத் தகட்டில்
காம்பஸ் முள்ளால் யாரோ கீறியது:
கோகுல் லூசு.
சண்டை வந்த இரவுகளில்
பெயரை மட்டும் மாற்றி
வாசித்துக்கொள்வேன்.

திருமங்கலத்து வீட்டில் கோபித்துக்கொள்ள
மொட்டைமாடி இருந்தது.
ஓர் அறை, அதற்கொரு தாழ்ப்பாள்.
இங்கே கட்டிலுக்கும் ஸ்டியரிங்குக்கும் ஏழடி.
ஓங்கிச் சாத்த இருப்பது ஒரே கதவு,
அதுவும் பக்கவாட்டில் இழுக்கிற கதவு,
பாதியில் சிக்கிக்கொள்ளும்.
அவரே இறங்கி வந்து எண்ணெய் விட்ட பிறகுதான்
மீதிக் கோபத்தைச் சாத்த முடியும்.

ஏரிக்கரையில் ராத்திரி பதினோரு மணிக்கு
போலீஸ்காரர் கண்ணாடியைத் தட்டினார்.
"உள்ளே யாரு?"
"என் பெண்டாட்டி."
"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."
ஐம்பத்தாறு வயதில்
எனக்கு வந்த சிரிப்பில் வண்டியே குலுங்கியது.
அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ.

பெருமாள்மலையில் ஹேண்ட் பிரேக் போனது.
பார்ட்ஸ் வர நாலு நாள் ஆகும்,
அதுவரை டயருக்கு முட்டுக் கொடுங்க என்று
மெக்கானிக் ஒரு கருங்கல்லைக் காலால் தள்ளிவிட்டான்.
வண்டி நின்றதும் நான் இறங்கி வைப்பேன்.
"வச்சாச்சா?"
"வச்சாச்சு."
இதைத் தவிர வேறு பேச்சில்லாத நாளும் உண்டு.

மன்னவனூரில் விடிந்தது வேறு மாதிரி.
பின்கதவைத் திறந்தால் புல்,
புல் முடிகிற இடத்தில் பனி,
பனிக்குள் மணிச்சத்தம்.
மாடா குதிரையா தெரியவில்லை.
காப்பி போட்டு
சூடான டம்ளரின் பின்புறத்தை
என் கன்னத்தில் வைத்து எழுப்பினார்.
முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவை.
சர்க்கரை போட மறந்திருந்தார்.
நான் சொல்லவில்லை.

அன்று மாலையே தண்ணீர்த் தொட்டி காலி.
யார் நிரப்பியிருக்க வேண்டும் என்பதில் ஆரம்பித்து
யார் கடையை விற்கச் சொன்னது என்பதில்
போய் நின்றது.

பூம்பாறையில் பூண்டு வயலுக்கு மேலே, சரிவில்,
கியரை மட்டும் நம்பி நிறுத்தினார்.
வச்சாச்சா என்று அவர் கேட்கவில்லை.
கேட்காததால் நான் வைக்கவில்லை.
மழை.
நடு இரவில் தகரம் முனகி
வண்டி ஒரு சாண் நகர்ந்தது.
இரண்டு பேருமே விழித்திருந்தோம்.
இரண்டு பேருமே தூங்கிக்கொண்டிருந்தோம்.
இன்னொரு சாண்.

குதித்தோம்.
அவர் லுங்கியோடு, நான் செருப்பில்லாமல்.
இருட்டில், சேற்றில் துழாவி
கிடைத்ததை இறுக்கிப் பிடித்து இழுத்தேன்.
"அது என் கால், பஞ்சவர்ணம்."

அதற்குள் முன்டயர் பூண்டுப் பாத்தியில் இறங்கி
தானாக நின்றிருந்தது.

காலையில் வயல்காரப் பெண் வந்து
நசுங்கிய செடிகளை எண்ணினாள்.
பத்தொன்பது.
இருநூறு ரூபாயை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு
அத்தனையையும் மண்ணோடு பிடுங்கி
தினத்தாளில் சுற்றிக் கையில் கொடுத்தாள்.
"காசு குடுத்ததை விட்டுட்டா போவாங்க?"
பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.
"ஒங்களுக்கு வீடு இல்லியா?"
அவர் என்னைப் பார்த்தார்.
நான் பூண்டில் இருந்த மண்ணை உதறினேன்.

பெருமாள்மலையில் பிரேக் சரியாகிவிட்டது.
வத்தலக்குண்டு வரை வண்டிக்குள் பூண்டு வாடை.
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும்
கட்டிலடியில் கல் உருண்டு
இந்தப் பக்கம் ஒரு இடி, அந்தப் பக்கம் ஒரு இடி.

"இனி எதுக்கு அது? போட்டுடலாமா?" என்றார்.

"மெதுவா ஓட்டுங்க" என்றேன்.