கழித்தல்

பத்தில் தொடங்குவார்கள்.
கூட்டல் வேறொரு தாளில் நடக்கும்,
எனக்குப் பழக்கமானது இந்தத் தாள்.
முட்டி மடங்கினால் பூச்சியம் புள்ளி ஒன்று.
கால்விரல் தளர்ந்தால் இன்னுமொரு ஒன்று.
விழுந்தால் முழுசாக ஒன்று.

மஞ்சக்குப்பத்துக் கூடத்தில்
ஆறு மணிக்குமேல் பேட்மிண்டன்காரர்கள் வந்துவிடுவார்கள்.
அதற்குள் எல்லாம் முடியணும்.
நானும் மரகதவல்லியும்
வெள்ளத்தில் ஊறிய மெத்தைகளை
வெயிலுக்கு இழுத்துப் போட்டு
ஒரு மாதம் புரட்டிப் புரட்டிக் காயவைத்தோம்.
ஈரம் போனது.
தலைகீழாக நிற்கும்போது மட்டும்
மூக்குக்குள் கெடிலம் வரும்.

பீம் பத்து சென்டிமீட்டர் அகலம்.
'இம்மாம் பெரிய கூடம் கெடக்கு,
அது மேல ஏன்டி நடக்குற?'
சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்த அம்மா
கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டாள்.
பதில் சொல்லத் தெரியவில்லை.
இன்னும்தான்.

ஓடிக் குதிப்பதெல்லாம் தேவனாம்பட்டினத்து மணலில்.
மணல் எதையும் திருப்பித் தராது,
எவ்வளவு உதைத்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளும்.
அந்தக் கால்களோடுதான்
சென்னையில் முதன்முதலாக ஸ்பிரிங் தரையில் ஓடினேன்.
கையூன்றித் தள்ளியதும்
அது என்னை வீசிய வீச்சில்
அவ்வளவு உயரம், அவ்வளவு நேரம்,
கீழே ஒரே நீலமாகச் சுற்றியது.
இறங்கினேன். அசையாமல்தான் இறங்கினேன்,
இரண்டு காலும் கோட்டுக்கு வெளியே.
பூச்சியம் புள்ளி மூன்று.
நான் அங்கேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தேனாம்,
வல்லி சொல்வாள்.

எங்கள் இருவருக்கும் ஒரே உடை.
திருப்பாதிரிப்புலியூர் டெய்லர்
படத்தைப் பார்த்ததும் கூச்சப்பட்டு
மனைவியைக் கூப்பிட்டு அளவெடுக்கச் சொன்னார்.
இரண்டாவதற்குக் காசு போதவில்லை.
ஒருத்தி முடித்து ஓடி வந்ததும்
துப்பட்டா மறைப்பில் மற்றவள் மாட்டிக்கொள்வாள்.
அவள் வியர்வை என் முதுகில் சில்லென்று ஒட்டும்போதே
மைக்கில் அழைத்துவிடுவார்கள்:
தில்லைநாயகி, கடலூர் மாவட்டம்.
நடுவரைப் பார்த்துக் கை உயர்த்தணும்.
சிரிக்கணும் என்று விதி கிடையாது.
சிரிப்போம்.

விழுந்தால் பத்து நொடிக்குள் ஏறியாகணும்.
பதினாறு வயதில், மாநிலப் போட்டியில்
பின்னால் வளைந்து கையூன்றிக் கால் மாற்றுகையில்
வலது குதிகாலுக்குக் கட்டை கிடைக்கவில்லை.
விழுந்தது நினைவில்லை.
அந்தப் பத்து நொடி இருக்கிறது, ஒவ்வொன்றாக.
கூரைத் தகரத்தில் ஒரு புறா.
யாரோ 'ஐயோ' என்று ஆரம்பித்து முடிக்காதது.
தொடையில் தோல் உரிந்த எரிச்சல்.
ஏழாவதிலோ எட்டாவதிலோ
அடுத்து ஆட வேண்டிய வல்லி
மறைப்புக்குள்ளிருந்து கத்தினாள்:
'உடுப்பு கிழியலடி! ஏறு!'
நடுவர்களில் ஒருத்தி
பேனாவால் வாயை மூடிக்கொண்டாள்.
ஏறினேன்.

நான்காவது.
மேடைக்கு மூன்று படிதான்,
வேலைக்கான விண்ணப்பத்திலும் மூன்று கட்டம்தான்.
வல்லி ஐந்தாவது.
உரித்த தோலுக்கு அவளே மருந்து போட்டாள்,
போட்டுக்கொண்டே திட்டினாள்.

இப்போது அவள் முதுநகரில்
ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதுகிறாள்.
உடை யாரிடம் இருக்கிறது என்பதில்
எங்களுக்குள் சண்டை தீரவில்லை.
எனக்கு மாத்திரைக் கம்பெனி.
பெல்ட்டில் நகர்ந்து வருபவற்றில்
விளிம்பு உடைந்ததை, நிறம் மங்கியதைப்
பொறுக்கி எடுக்கணும்.
என் கண் கூர்மை என்கிறார் சூப்பர்வைசர்.
எங்கே பழகினேன் என்று கேட்டதில்லை.

ஏழேகால் புதுச்சேரி பஸ் முழுதாக நிற்காது.
கன்னியகோயிலில் வேகம் குறையும், அவ்வளவுதான்.
இன்றைக்குக் காலை
படியிலிருந்து குதித்ததும்
பாதங்கள் சேர்ந்தன, முட்டி சற்று மடங்கி நிமிர்ந்தது,
இரண்டு கைகளும் தாமாகவே மேலே கிளம்பின.
வலதில் டிபன் பை.
தோளுக்குமேல் போன பை தலையில் இடித்தது.
'என்னம்மா, யாருக்கு டாட்டா?'
கண்டக்டர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

சாம்பார் ஒழுகுகிறதா என்று பையைத் தடவினேன்.
இல்லை.
இடது கால் மட்டும்
ஓரங்குலம் முன்னால் நகர்ந்திருந்தது.
பூச்சியம் புள்ளி ஒன்று.