மூன்றாம் வீதி, நான்காவது கம்பம்

"ஏனுங்க்கா, மாகாளியம்மன் கோயில்
எந்தப் பக்கமுங்?"
என்றுதான் கேட்டான்.
வண்டியை அணைக்காமல், ஒரு காலை ஊன்றி,
ஹெல்மெட் கண்ணாடியை மரியாதையாக மேலேற்றி.
கையை நீட்டி வழி காட்டினேன்.
நீட்டிய கை திரும்புவதற்குள்
நாலேகால் பவுன் போயிருந்தது.

இரவு ஏழு ஐம்பது. ஓவர்டைம் முடிந்து
கம்பெனி வேன் மங்கலம் ரோட்டில் இறக்கிவிட்டுப் போக,
தூக்குப்போசியோடு நடந்து வந்த நேரம்.
போசி உருண்டு சாக்கடை ஓரம் நின்றது.
மூடி இன்னும் கிடைக்கவில்லை.

ஓடி வந்தவர்கள் முதலில் கேட்டது:
"வடக்கத்திப் பையனா?"
இல்லீங்க, என்றேன்.
"இருட்டுல தெரிஞ்சிருக்காது, யோசிச்சுச் சொல்லு."
முகம் தெரியவில்லைதான்.
ஆனால் அந்த 'ங்' இருக்கிறதே,
ரயிலேறி வந்து ஒரு வருசத்தில்
கற்றுக்கொள்வதல்ல அது.
இங்கேயே பல் முளைத்த வாயில்தான் வரும்.
யாருக்கும் இது பிடிக்கவில்லை.
கடைசி வீட்டு மாடியில் குடியிருக்கும் ஒடியா பையன்கள் நாலு பேர்
அன்று ராத்திரி விளக்கே போடவில்லை.

மறுநாள் சென்னியப்பன் வந்தார், சங்கச் செயலாளர்.
பையில் நாலு ஆப்பிள்.
கழுத்துக் காயத்தைப் பார்த்து 'ச்சொ' கொட்டினார்.
பிறகு கணக்குச் சொன்னார்:
போன தையில் சென்ட் ஒன்பது லட்சம்,
இந்தத் தையில் பதினொன்றுக்குக் கேட்கிறார்கள்,
வழிப்பறி என்று பேப்பரில் வந்தால்
ஏழுக்குக்கூட ஆள் நிற்காது.
"உங்களுக்கும் மூணு சென்ட் இருக்குதுங்களே, வசந்தாமணி.
தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக்கலாமுங்."

ஸ்டேஷனில் ரைட்டரும் அதையேதான் சொன்னார்,
மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்து.
வழிப்பறி என்றால் எஃப்.ஐ.ஆர்., கோர்ட்டு, அடையாள அணிவகுப்பு,
நாலு நாள் லீவு, நாலு நாள் சம்பளம்.
தொலைந்தது என்றால் ரசீது, இப்போதே.
"இந்த வருசம் உங்க ஏரியாவுல ஒரு கேஸ்கூட இல்லீங்க,"
நல்ல மார்க் வாங்கிய பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

எல்லோருக்கும் எவ்வளவு மரியாதை.
அவனும்கூட அக்கா என்றான்.

கையெழுத்துப் போட்டேன்.

தொலைந்தது.
அறுத்தவன் இல்லாத சொல்.
சங்கிலியே கொக்கியைக் கழற்றிக்கொண்டு
பொடிநடையாய்க் கோயிலுக்குப் போய்விட்டதுபோல.
கழுத்தில் மட்டும் ஒரு சிவப்புக் கோடு
எந்த ரசீதிலும் ஏறாமல்
தண்ணீர் பட்டபோதெல்லாம் எரிந்தது.

மூன்று வாரத்தில் முகப்பில் போர்டு வந்தது:
அமைதியான, பாதுகாப்பான குடியிருப்பு.
மனைகள் சில மட்டுமே.
போர்டைப் பார்த்தபடி ஒரு கேமரா.
நான்காவது கம்பத்து லைட்டு எரியவில்லை.

பக்கத்து வீதி ரங்கநாயகி
வாட்டர் கேன் கடன் கேட்கும் சாக்கில் வந்து
வாசற்படியிலேயே நின்று மெதுவாகச் சொன்னாள்:
"ஆடியில எனக்குந் தொலைஞ்சுதுங்க்கா.
அதே எடத்துல.
கோயிலுக்கு வழி கேட்டான்."

எனக்கு வேலை செக்கிங்.
டியூப்லைட்டுக்குக் கீழே பனியனை விரித்து
ஊசிமுனை ஓட்டையானாலும்
சிவப்பு அம்பு ஒட்டுவேன்.
பீஸ் நன்றாயிருக்கிறது என்று கேட்கத்தான் எல்லோருக்கும் ஆசை.
ஷிப்மெண்ட் நெருங்கினால் மேனேஜரே வந்து
"சித்தெ கண்டுக்காம விடுங்" என்பார்.
ஒட்டுவேன். பதினெட்டு வருசம்.

நேற்று ஒரு சுருள் ஸ்டிக்கர்
என் கைப்பைக்குள் வந்துவிட்டது.
தொலைந்தது என்று
கம்பெனி எழுதிக்கொள்ளட்டும்.

மூன்றாம் வீதி, நான்காவது கம்பத்தில்,
கழுத்து உயரத்தில், ஒன்று.
ரங்கநாயகிக்கு ஒன்று.

இன்று காலை பால் வாங்கப் போனபோது
இரண்டு அம்புக்கும் கீழே,
யார் நெற்றியிலிருந்து எடுத்ததோ,
ஒரு ஸ்டிக்கர் பொட்டு.