ஒரு கோடு சிக்னல்

இந்தப் பாதையை ஆர் வெட்டினது என்று கேட்கிறார்கள்
கொழும்பிலிருந்து வந்த ஏழு பேர்.
மடக்குகிற ஊன்றுகோல், முதுகிலே தண்ணீர்ப் பை,
பையிலிருந்து வாய்க்கு ஒரு குழாய்.
கத்தியால் வெட்டேல்லைத் தம்பி.
கதைச்சு வெட்டினது.

சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.
குளக்கட்டு முடியிற இடத்தில் சூரைப்பற்றை,
சட்டையை இழுக்கும், குனிஞ்சு வாங்கோ.
அங்காலே யானை லத்தி.
காய்ந்து கிடந்தால் நடக்கலாம்.
ஆவி பறந்தால் இன்றைய பயணம் இவ்வளவுதான்,
கட்டின காசில் பாதி திருப்பித் தருவேன்.

காய்ந்துதான் கிடக்கிறது.

ஊருக்கு டவர் வராத காலம்
இந்த மலையின் முதுகில் மட்டும்
ஒரு கோடு சிக்னல் விழும்.
எருமை தேடிப் போன ரஜீபன்தான் கண்டுபிடித்தான்.
பொக்கற்றுக்குள் போன் அதிர்ந்ததும்
பாம்பென்று உதறி எறிந்தானாம்.
போன் கிடைத்தது. எருமை இல்லை.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஏறினோம்;
கத்தாரில் அன்றைக்குத்தான் லீவு.
சபூரா, றியாத்தில் வீட்டுவேலை செய்யும் மகளுக்காக.
குணசீலி, பிள்ளையைத் துவாயால் முதுகில் கட்டிக்கொண்டு,
அதன் அழுகையைத் தகப்பன் கேட்கவேண்டுமென்று.
உச்சிக்கு வந்ததும் அது நித்திரையாகிவிடும்.
கிள்ளுவாள்.
நான், என்ரை மனிசனுக்காக.

நேரே ஏறினால் கதைக்க மூச்சு மிஞ்சாது,
போட்ட கார்ட் மூச்சு வாங்குவதிலேயே கரையும்.
அதனால் வளைத்து வளைத்து மிதித்தோம்.
இந்த அகலமான வளைவு இருக்கே,
இது சபூராவின் முழங்கால்.
முதிரை மரத்தடியில் பாதை இரண்டாய்ப் பிரிவது
தேவராணியும் மாமியாரும்
ஒரே ஆளோடு கதைக்க வந்தபடியால்.
மேலே போய்ப் பாருங்கோ, ஒரே பாறைக்குத்தான் வரும்,
மாமியாரின் பாதை கொஞ்சம் கிட்ட.

ஐந்தாவது வளைவில் நான் ஒருக்கால் நிற்பேன்.
களைப்பென்று நினைத்துப் போத்தலை நீட்டுகிறாள்
கண்ணாடி போட்ட பிள்ளை.
வாங்கிக் குடிக்கிறேன்.

இரண்டு வெள்ளி மணி அடித்துக்கொண்டே இருந்தது.
மூன்றாம் வெள்ளி எடுத்தது வேறொரு குரல்.
மலையாளத்தில் சொன்னது,
அவசரமில்லாமல், இரண்டு தரம்.
எனக்குப் பாதிதான் விளங்கியது.
மற்றப் பாதி
இறங்கி வரும்போது
இந்த வளைவில் விளங்கியது.

இதை அவர்களுக்குச் சொல்வதில்லை.
வீரைப் பழத்தைக் காட்டுகிறேன்,
கரடி நகம் கீறின பட்டையைக் காட்டுகிறேன்.
படம் எடுக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் டவர் எழும்பிய வருசமே
நாயுருவி வந்து பாதையை மூடியது.
ஒருவரும் கவலைப்படவில்லை, ஏன் படவேணும்?
குசினியிலிருந்தே கதைக்கலாம்,
முகத்தைப் பார்த்தே சண்டை பிடிக்கலாம்.
மூன்று மழை கழித்து
வழி தப்பின இரண்டு வெள்ளைக்காரர் வந்து
மலைக்குப் போகப் பாதை உண்டா என்று கேட்கும்வரை
எனக்கும் அது நினைவில் இல்லை.
கத்தி எடுத்துப் போனேன்.
கால் தானாக வளைந்தது.

உச்சி.
கீழே கொட்டியாரக் குடா, வெயிலில் தகரம்போல.
அக்கரையில் திருகோணமலை, ஒரு பிடி வெள்ளைப் புள்ளிகள்.
பாறையில் ஆணியால் கீறின இரண்டு பாதங்கள்:
இதில் நின்று கடலைப் பார்த்தால்தான் கேட்கும்.
கண்ணாடிப் பிள்ளை தன் சப்பாத்தை அதில் வைத்துப் பார்க்கிறாள்.
அளவு பெரிது.

தலைவன்போல இருக்கிற பொடியன் சொல்கிறான்:
எல்லாரும் போனை நிப்பாட்டுங்கோ,
அரை மணித்தியாலம் ஒருவரும் கதைக்கக்கூடாது,
இதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தது.

கண்ணை மூடி இருக்கிறார்கள்.
காற்றுக்குப் பாலை மரம் உரசுகிறது.

என் போன் அடிக்கிறது. நாலு கோடு.
குணசீலியின் மகன், ஏழாம் வகுப்பு,
கிள்ளுப்பட்டவன்:
“அன்ரி, அம்மா கேக்கிறா, சோறு எத்தினை பேருக்கு?”

மெல்லமாய்ச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
இந்தப் பாறையில் எனக்கு அது வராது.
“ஏழு பேருக்கு! கேக்குதே? ஏழு!”

கண்கள் எல்லாம் திறக்கின்றன.
கீழ்ச் சரிவில் குரங்குகள்
மரம் மாறுகின்றன.