பதினோராவது துண்டு

கடைக்காரன் ஆறு டப்பா கொடுத்தான்.
ஒன்றின் பெயர் தங்க ஓக்.
ஒன்றின் பெயர் ஆரம்பகால அமெரிக்கா.
சாணி மாதிரி இருக்கிறதே என்றான் ஆர்லன்.
அப்படியும் இருந்திருக்கும் என்றேன்.

அரிசோனாப் பாலையில் ஜனவரி.
வண்டியின் இரும்புப் படியில் உட்கார்ந்து
வெட்டி மிஞ்சிய ஓக் துண்டுகளில்
சாயம் தேய்க்கிறேன்.
பின்பக்கம் பென்சிலில் குறிப்பு:
மூன்று, சிவப்பு கூடிவிட்டது.
ஐந்து, இரண்டு நிமிடம் விட்டுத் துடைத்தது.
ஆறு, துடைக்கவே மறந்தது,
பக்கத்து வண்டி ட்ரூடி காபியோடு வந்துவிட்டாள்.

சனிக்கிழமை வருகிறார்கள்,
எல்கோவிலிருந்து எச்செவெரி குடும்பம்,
மூன்று பிள்ளைகள், ஒரு நாய்.
கூரை ஒழுகியதுண்டா என்று
போனில் அந்த அம்மாள் கேட்டபோது
இன்ஜின் அருமையாக ஓடுகிறது
என்றான் ஆர்லன்.

அக்டோபரில் ஒழுகியது.
கழுவுதொட்டிக்கு மேல் இருந்த அலமாரி
காபியில் முக்கிய ரஸ்க்காக
என் கையோடு வந்தது.
அவன் கூரையை அடைத்தான்.
புதிதாக ஒன்று செய்தான்,
அசல் ஓக்கில்,
மூலையில் ஒரு காகிதம் நுழையாது.
நிறம் மட்டும் ஒட்டிவிட்டால்
ஒருத்தரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்றான்.
பூசுவது என் வேலை.
மெழுகுவதும்.

ஏழாவது துண்டு
விளக்கடியில் அப்படியே பொருந்தியது.
வெயிலுக்குக் கொண்டுபோனால் பச்சை.
எந்த மணி வெளிச்சத்துக்குப் பொருத்துவது?
நாட்காட்டியைக் கழற்றினேன்.
அதன் பின்னால் வெளிறிய ஒரு சதுரம்,
நாங்கள் வாங்கிய தொண்ணூற்றாறாம் வருடம்
வெயில் படாமல் உட்கார்ந்திருந்தது.
எந்த வருடத்துக்குப் பொருத்துவது?

ஒன்பதாவது துண்டைப்
பக்கப் பலகையோடு வைத்துப் பார்க்கும்போதுதான்
அந்த முடிச்சைக் கவனித்தேன்,
ஆந்தைக் கண் போல.
ஒன்றரைச் சாண் தள்ளி அதே ஆந்தை.
இன்னும் தள்ளி அதே ஆந்தை,
இடது ஓரத்தில் அதே கீறலோடு.
நகத்தால் நெம்பினேன்.
காகிதம்.
இருபத்தாறு வருடமாக
எலுமிச்சை எண்ணெய் போட்டு
ஒரு புகைப்படத்தைத்
துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சிரிப்புச் சத்தம் கேட்டு
கூரையிலிருந்து தலையை நீட்டினான்.
உனக்குத் தெரியுமா இது?
கதவுகள் நிஜம் என்றான் அவசரமாக.
கதவுகள் மட்டும்.

அதற்கப்புறம் வேலை சுலபமாகிவிட்டது,
ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.
மரத்துக்கு அல்ல, மரத்தின் படத்துக்குத்தான்
ஒப்புக்கொடுக்கவேண்டும் என்று தெரிந்தபின்
கை பயப்படவில்லை.
தங்கத்தில் இரண்டு கரண்டி,
அமெரிக்காவில் அரை,
ஒரு சொட்டுக் கறுப்பு.
பதினொன்று.

மாட்டினோம்.
காலையில் பார்த்தோம், உச்சியில் பார்த்தோம்,
இரவில் டார்ச் அடித்துப் பார்த்தோம்.
எதைப் புதிதாகச் செய்தேன் என்று
எனக்கே தெரியவில்லையே என்றான் ஆர்லன்,
அவன் செய்ததிலேயே சிறந்த கதவைத் தடவியபடி.
அவனுக்குச் சந்தோஷம்.
எனக்குத் தூக்கம் வரவில்லை.

சாயம் வெளுக்கும் என்றுதான் பயப்படுவார்கள்.
ஓக் கறுக்கும் என்றிருந்தான் கடைக்காரன்.
இரண்டு கோடையில் இந்தக் கதவு மட்டும்
ஒரு நிழல் கூடுதலாக நிற்கும்,
எல்கோவில் யாரோ ஒரு பிள்ளை
தட்டை வைக்க வந்தவள்
நின்று பார்ப்பாள்.

வெள்ளி இரவு கதவைத் திறந்தேன்.
உட்பக்கத்துக்கு நான் சாயம் போட்டிருக்கவில்லை,
வெறும் மரம், நல்ல வாசனை.
பென்சிலால் எழுதினேன்:
அக்டோபரில் இங்கே ஒழுகியது.
இரண்டு முறை அடைத்தோம்.
பிறகு மழை பெய்யவில்லை,
அதனால் தெரியாது.
பதினோரு துண்டுகளையும்
மிச்சச் சாயத்தையும் அடியில் வைத்தேன்.

காலையில் காபித்தூள் தேடியவன்
அதைப் படித்தான்.
நெடுநேரம் கதவுக்குள் தலையை விட்டபடி நின்றான்.
பிறகு காதிலிருந்து பென்சிலை எடுத்து
இரண்டை அடித்துவிட்டு
மூன்று என்று எழுதினான்.