காடி

கானாவூரில் தண்ணீர் ரசமானது.
எலத்தகிரியில், எங்கள் கட்டிலுக்கடியில்,
ஐப்பசியில் போட்ட நாலு கிலோ பன்னீர் திராட்சை
மார்கழிக்குள் காடியானது.
ஜாடியைத் திறந்த எமிலி
மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்,
துணியை இறுக்கிக் கட்டச் சொன்னேனே என்று.

ஆகவே அத்திப்பள்ளி.
ஓசூரில் பஸ் மாறி, எல்லை தாண்டி,
ஏசிக் கடையில் அண்ணாந்து நிற்கிறேன்.
ரம் தெரியும். பிராந்தி அதைவிடத் தெரியும்.
ஒயினில் இத்தனை சிவப்பா?
இனிப்பா துவர்ப்பா என்கிறான் கடைப்பையன்,
வீட்டுக்கா விருந்தாளிக்கா என்கிறான்.
மச்சான் இஞ்ஞாசியை
இதில் எதில் சேர்ப்பது?

கடைசியில் கழுத்தைப் பார்த்து எடுத்தேன்.
நீளக் கழுத்து,
காலியானால் மணிபிளான்ட் வைக்கலாம்.
ஜூஜூவாடி செக்போஸ்ட் தாண்டும்வரை
குடிலுக்கு வாங்கிய வைக்கோலுக்குள்
பாலனைப்போல் சத்தமில்லாமல் கிடந்தது.

நடுராத்திரிப் பூசை முடிந்து இலை போட்டோம்.
பன்றிக்கறி.
இஞ்ஞாசி எலும்பை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தான்:
"எதுல தங்கச்சி ஊறப்போட்ட?
போன வருசம் இந்த ருசி இல்லையே."
எமிலி என் பக்கம் திரும்பவேயில்லை.
இன்னொரு கரண்டி வைத்தாள்.

பாட்டில் பிரிட்ஜ் மேல் நிற்கிறது.
அந்தத் தக்கையைப் பிடுங்க
எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை.