அரைக் குவளை

ஊலு நகரத்தில் பதினான்கு வருடம்
ரொட்டி சுமந்த வண்டி இது.
கட்டில் அடித்து, சுவருக்குள் கம்பளி திணித்து,
ஜன்னல்களுக்கு வெள்ளித்தாள் வெட்டி
வீடு என்று சொல்லிக்கொள்கிறோம்.
சூடேறினால் பலகை இடுக்கிலிருந்து
இன்னும் ஏலக்காய் மணக்கும்.

சூடேறினால்.

இரவு இரண்டு பத்துக்கு
ஹீட்டர் இரண்டு முறை இருமியது.
மூன்றாவது இருமல் வரவில்லை.
சிவப்பாய் ஓர் எண் மட்டும்
மின்னி மின்னி யாரையோ குற்றம் சாட்டியது.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கில்பிஸ்யார்வி ஏரி
தன் பனிக்கட்டிக்குள் எங்கோ
நெட்டி முறித்துக்கொண்டது.

"செப்டம்பரில் போட்ட டீசலா?" என்றேன்.
இல்போ பேசவில்லை.
கோடை டீசல் இந்தக் குளிரில் மெழுகாய் உறையுமென்று
இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

கோபித்துக்கொண்டு எழுந்துபோக
இந்த வீட்டில் இன்னோர் அறை இல்லை.
கதவைத் திறந்தால் அடுத்த அறை
வடதுருவம் வரைக்கும் போகிறது.

அதனால் உறங்குபைக்குள் கிடந்தபடியே,
மூக்கு மட்டும் வெளியே தெரிய,
டீசலில் தொடங்கினேன்.
காணாமல் போன காப்பீட்டுத் தாள்.
என்னிடம் கேட்காமல் விற்ற படகு.
அவன் தங்கை மர்யுக்கா கல்யாணத்தில்
அவள் சொன்னது, இவன் சிரித்தது.

அவன் ஸ்பிரிட் அடுப்பில் வெந்நீர் வைத்தான்.
இரண்டு ரப்பர் பைகளை நிரப்பி
ஒன்றை என் கால்மாட்டில் தள்ளினான்.
அடுப்பை அணைத்தான்.
கம்பு ரொட்டியில் வெண்ணெயை
ரொட்டியைவிடத் தடியாய் வைத்து நீட்டினான்.
"தின்னு. உள்ளே எரிய ஏதாவது வேணும்."
தின்றுகொண்டே படகைப் பற்றிப் பேசினேன்.
நாளைய காலுறைகளை என் பைக்குள் போட்டான்.
குடிநீர்ப் புட்டியைத் தலைகீழாய் நிறுத்தினான்.
கடைசியாக
ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தான்.

"குளிருக்கு வழிவிடவா?"

"மூச்சு வெளியே போகணும், வூக்கோ.
இன்றைக்கு ரொம்பவே."

அவன் குறட்டை விட்டதும்
எக்கி அதை மூடினேன்.

காலையில், காலை என்பது கடிகாரத்தில்தான்,
சூரியன் நவம்பரில் போனது இன்னும் திரும்பவில்லை,
நெற்றி விளக்கைப் போட்டால்
கூரை முழுக்க வெள்ளைப் பூஞ்சையாய் உறைபனி.
அவன் பக்கம் உப்பு தூவியதுபோல்.
என் பக்கம் நகக்கண் தடிமன்.
இல்போ அண்ணாந்து பார்த்தான். என்னைப் பார்த்தான்.
மீசை மட்டும் கொஞ்சம் அசைந்தது.

ஒன்பது மணி நீல இருட்டில்
பனி வாரும் வண்டி நின்றது.
ஹெய்மோ என்றவர், கேட்கும் முன்பே
குளிர்கால டீசல் கேன் ஒன்றை இறக்கினார்.
இந்தப் பக்கத்து ஆள்கள் அடுத்தவர் கதை கேட்கமாட்டார்கள்.
அவர் தலையை உள்ளே நீட்டி
கூரையை ஒருமுறை பார்த்தார்.
"இந்தப் பக்கம் படுத்தது யார்?"
பதிலுக்கு நிற்கவில்லை.

வடிகட்டியின் மேல் வெந்நீர்ப் பையைக் கட்டி
முக்கால் மணி நேரம் காத்திருந்தோம்.
இருமல். இன்னோர் இருமல்.
பிறகு அந்தச் சீரான இரைச்சல்,
பூனை மடியில் ஏறியதுபோல்.

கூரை சொட்டத் தொடங்கியது.
படகு என் கழுத்தில் விழுந்தது.
மர்யுக்கா தலையணையில்.
இல்போ பாத்திரத் துணியால் ஒற்றி ஒற்றிப்
பிழிந்தான். அரைக் குவளை.
"காபிக்கு வேண்டாம்" என்றேன்.
அவன் முதலில் சிரித்தானா நானா, நினைவில்லை.

ஜன்னலை நானே திறந்தேன், ஒரு விரற்கடை.

குவளையைக் கொட்ட இருவருக்கும் மறந்துபோனது.
ஏலக்காய் மணக்க மணக்க வண்டி கிளம்பி
சாலையின் முதல் மேட்டில் குலுங்கியபோது
கொஞ்சம் என் மடியில் சிந்தியது.
வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.