அடி, அங்குலம்

மாங்குளத்தில் பஸ் மாறினோம்.
அப்பாவின் சாரத்துக்குள்ளிருந்து வருகிற குழாய்
ஒரு புடவைக்கடைப் பைக்குள் முடிகிறது.
"ஐயா, பையை மேல் தட்டில வையுங்கோ,"
என்றான் கொண்டக்டர்.
"மேல வைச்சால் திரும்பி ஓடும் தம்பி.
தண்ணி எப்பவும் பள்ளத்துக்குத்தான்."

முப்பத்தொரு வருஷம் முத்தையன்கட்டில்
துருசு திறந்து பூட்டியவர்.
சிறுநீர் நின்ற இரவு
என்னை எழுப்பிச் சொன்னதும் அந்தப் பாஷையில்தான்:
"பிள்ளை, துருசு இறுகிப்போச்சு."

தெல்லிப்பழையில் டொக்டர் சின்னப் பெடியன்.
எலும்புப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
இடுப்பில், முள்ளந்தண்டில், விலாவில்
கறுப்புக் கறுப்பாய்.
"இது?"
"அது மாத்தளன்," என்றார் அப்பா.
"இது எழுபத்தெட்டில உழவு மெசினால விழுந்தது.
மிச்சம் எனக்குத் தெரியாத ஆக்கள்."
காந்தப் படம் எடுக்க ஏலாதாம்,
உள்ளே இன்னும் இரும்பு கிடக்கிறது.
இரத்தத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு.
நாலுக்குள் நிற்க வேண்டியதாம்.
"அப்ப வான் பாயுது," என்றார் அப்பா.

இரண்டு வழி.
மூன்று மாதத்துக்கொரு ஊசி, உயிர் உள்ள மட்டும்;
மருந்து வராத மாதம் வெளியில் வாங்கவேணும்.
இல்லையென்றால் ஒரேயொரு ஒப்பரேசன்,
அரை மணித்தியாலம்.
எதை எடுப்பார்கள் என்பதை மட்டும்
ஆங்கிலத்தில் சொன்னார், என் முகத்தைப் பார்த்து.
அப்பாவுக்குச் சொல்லவேண்டியது நான்.

என்னிடம் இருந்தது ஒரு சொல்.
அதே சொல்லைத்தான் அவர்
மாரிக்கு முன் சாக்கவிழ்த்து,
உள்ளங்கையில் உருட்டிப் பதர் ஊதிச் சொல்வார்.
மூன்று நாள் எனக்கு வாய் வரவில்லை.
நாலாம் நாள், மாட்டுக்குத் தவிடு கரைக்கையில்
அவரே கேட்டார்:
"நாம்பனுக்கு நலமடிக்கிற மாதிரியோ?"
"ஓம்."
"எத்தினை நாம்பனுக்குக் கால் பிடிச்சிருப்பன்."
தவிடு கட்டிபட்டுக் கிடந்தது.
இரண்டு பேருமாய் உடைத்தோம்.

சுகிர்தன் பாசலில் இருந்து எடுத்தான்.
ஊசி. கொழும்பு. பிரைவேட்.
காசைப் பற்றி யோசியாதை.
"ஒரு ஆம்பிளையை அப்பிடி விடேலாது அக்கா."
நான் காசைப் பற்றி யோசிக்கவில்லை.
மார்கழி விடியப்புறம் நாலரைக்கு, மழையில்,
அவரைப் பின்னுக்கு ஏற்றிக்கொண்டு
ஒட்டுசுட்டான் சந்திவரை ஓடுகிற மோட்டார்சைக்கிளைப் பற்றி
யோசித்தேன்.
"நீதான் கூட நிக்கிறாய், நீ சொல்லு,"
என்றார்கள் எல்லோரும்.
நான் எதைச் சொன்னாலும்
என் களைப்பு சொல்வது போலத்தான்
எனக்குக் கேட்டது.

அம்மாவை ஒருத்தரும் கேட்கவில்லை.
கருவாடு கழுவிக்கொண்டிருந்தவள்
சட்டித் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள்:
"எனக்கு ஆள் இருந்தால் காணும்."
அப்பா முற்றத்தில் நின்றவர்.
கேட்டிருக்கவேணும்.
படலைக் கம்பியை இறுக்கிக்கொண்டு நின்றார்,
கனநேரம்,
இறுகின கம்பியை.

வாட்டில் பெயர் கூப்பிட்டார்கள்.
"கதிர்காமத்தம்பி ஆர்?"
படிவம் மூன்று மொழியில் இருந்தது.
அவர் ஒன்றையும் வாசிக்கவில்லை.
கையெழுத்து. திகதி. காலை ஏழு இருபது.
அதோடு நிற்காமல்
கை தன்பாட்டில் பக்கத்தில் எழுதிப்போட்டது:
பத்தொன்பது அடி ஏழு அங்குலம்.

"இது என்ன ஐயா?" என்றாள் மிஸ்ஸி.
இத்தனை மாதத்தில்,
குழாய் போட்ட அன்றுகூட,
அவர் வெட்கப்பட்டு நான் காணவில்லை.
பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
என்னைப் பார்த்தார்:
"வெட்டட்டோ?"

கிடக்கட்டும் என்றேன்.
அன்றைக்குக் குளத்தில் எத்தனை அடி நின்றதென்று
எனக்கும் தெரியாது,
அவருக்கும் தெரியாது.